இருகாற்று நாட்டுக் கதவுச் சட்டம்

உலக வரைபடம் வரைந்தவர் கை ஓய்ந்து தூரிகையைக் கழுவி வைத்த இடத்துக்குச் சற்று அப்பால் இருகாற்று நாடு இருந்தது. அங்கே வீடுகளெல்லாம் கிழக்கு பார்த்தவை. ஆறு மாதம் மேற்கிலிருந்து மணல்காற்று வீசும். அது பின்சுவரில் மோதி, கூரையைத் தாண்டி, வாசலில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போகும். மீதி ஆறு மாதம் கிழக்கிலிருந்து மழைக்காற்று. அது சுற்றி வளைக்காது, நேராக வந்து கதவில் மோதும்.

மணல் குவிந்து கிடக்கும்போது வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. உள்பக்கம் இழுத்துத் திறப்பதாக இருக்க வேண்டும். மழைக்காற்றில் உள்பக்கம் திறக்கும் கதவு தாழ்ப்பாளோடு பிய்த்துக்கொண்டு வரும். வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அதே காற்று அதை நிலையோடு சேர்த்து அழுத்தி, ஒரு சொட்டு நீரை உள்ளே விடாது. ஆகவே அந்த நாட்டு நிலைகளில் இரண்டு பக்கமும் கீல் பதிக்கக் குழிகள் இருந்தன. காற்று மாறும் நாளில் நகரத்துப் பெரிய மணி அடிக்கும். தெருவே திரண்டு, வீடு வீடாகக் கதவைக் கழற்றி, நான்கு பேராகத் தூக்கித் திருப்பி மாட்டுவார்கள். கதவு கழன்றிருக்கும் நேரத்தில் வாசலுக்கு எதிரே யார் நின்றாலும் உள்ளே கூப்பிட்டு வெல்லம் போட்ட அவல் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அன்று முழுக்க யார் வீட்டுச் சமையலறை எப்படி இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அதனால் அவருக்குச் சிலையும் இல்லை, எதிரிகளும் இல்லை.

மணிக்கயிறு நைந்துபோன ஓர் ஆண்டில், புதுக் கயிறு வாங்குவதைப் பற்றி முடிவெடுக்க நாற்பது பேர் கொண்ட மன்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கயிறு வாங்கியாயிற்று. மன்றம் கலையவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, “நம் கதவுகளுக்குக் கொள்கை இல்லை” என்றார். அப்படித்தான் அணிகள் பிறந்தன. விருந்தினரை உள்ளே அழைப்பதே பண்பாடு, ஆகவே எல்லாக் கதவுகளும் என்றென்றும் உள்பக்கமே திறக்க வேண்டும் என்றது உட்கதவு அணி. பகைவன் முகத்தில் அறைவதே வீரம், ஆகவே வெளிப்பக்கமே திறக்க வேண்டும் என்றது புறக்கதவு அணி.

ஒவ்வொரு காற்றின் கடைசி வாரத்திலும் தேர்தல். முதலில் வென்றது உட்கதவு அணி.

அந்த வாரத்தில்தான் மாங்கனியின் வீடு கட்டி முடிந்தது. மாங்கனி கீல் மாட்டுகிறவள். ஊரில் பாதிக் கதவுகளுக்கு அவள் கைச்சுத்தியலைத் தெரியும். அவள் கணவன் காயாம்பூ, காற்று மாறும்போது பெரிய மணியை அடிக்கிறவன். கல்யாணமாகி ஒன்றரை ஆண்டாக இருவரும் காயாம்பூவின் அக்கா சடைச்சி வீட்டில் இருந்தார்கள். இரண்டே அறை, பதிமூன்று பேர். காயாம்பூவுக்குப் படுக்க இடம் கிடைத்தது ஆடுகளுக்குப் பக்கத்தில். புது வீடு ஒற்றை அறைதான். ஆனாலும் அது அவர்கள் அறை. வேங்கை மரத்தில் அவளே இழைத்த கதவு சுவரில் சாய்ந்திருந்தது. மாட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

கதவுத் துறை ஆய்வாளர் திருமேனிநாதர் வந்தார். தோளில் உட்கதவு அணியின் மஞ்சள் துண்டு, கையில் படிவம்.

“பக்கம்?” என்று கேட்டார், தலையைத் தூக்காமல்.

“என்ன பக்கம் ஐயா?”

“இல்லத்தின் வாசற்கதவு எந்தப் பக்கம் திறப்பதாக உத்தேசம்?”

“மழைக்கு வெளிய. மணலுக்கு உள்ள.”

“இது இரண்டு விடை. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது.”

“காத்து ரெண்டு இருக்குங்களே.”

“காற்று இதுவரை பதிவு செய்யப்படவில்லை, அம்மா.”

அவர் நிலையைத் தடவிப் பார்த்தார். வெளிப்புறக் குழியில் விரலை விட்டதும் முகம் மாறியது.

“இது என்ன?”

“அடுத்த காத்துக்கு.”

“ஆட்சி மாற்றத்தை எதிர்பார்த்துக் குழி பறித்திருக்கிறீர்கள்.”

“ஐயா, அது கீல் பதிக்கிற குழி.”

“அடைத்துவிடுங்கள். அடைத்தால் குடியேற்றச் சீட்டு. அடைக்காவிட்டால் கதவு மாட்ட அனுமதியில்லை. கதவில்லாதது வீடு அல்ல. வீடல்லாத இடத்தில் குடும்பம் நடத்துவது தெருவில் நடத்துவதாகக் கருதப்படும்.”

அவர் போனதும் காயாம்பூ மெதுவாகச் சொன்னான்: “அடைச்சிடேன் புள்ள. ஆட்டுக்குட்டி ராத்திரி பூரா என் காதத் திங்குது.”

“இன்னைக்கு அடைச்சா ஆறு மாசத்துல திரும்பக் குடையணும். அப்புறம் திரும்ப அடைக்கணும். நாலாவது தடவை நெலை விண்டுபோகும்யா.”

“அதுவரைக்கும் என் காது இருக்குமா?”

“ரெண்டு இருக்குல்ல” என்றாள் மாங்கனி. கதவு சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

மழைக்காற்று வந்தது. இந்த முறை மணி அடிக்கவில்லை. காற்று மாறுகிறது என்று அறிவிப்பது மக்களிடம் தேவையற்ற எதிர்பார்ப்புகளை உண்டாக்குகிறது என்று மன்றம் கருதியதால், மணியை நாள்தோறும் துடைக்கலாம், ஒலிக்கச் செய்யக் கூடாது என்று காயாம்பூவுக்கு உத்தரவு. அவன் முட்டையைத் துடைப்பதுபோல் பயந்து பயந்து துடைத்தான்.

வீடுதோறும் கதவுகள் உள்ளே பிய்த்துக்கொண்டு விழுந்தன. கணுக்கால் அளவு நீர் நின்றது. உட்கதவு அணித் தலைவரான உள்முதல்வர் மன்றத்து மாடத்தில் தோன்றி உரையாற்றினார்: “இது வெள்ளம் என்று சிலர் வதந்தி பரப்புகிறார்கள். திறந்த வாசல் வழியே வருவது விருந்தே அன்றி வேறில்லை. விருந்தை வாளியால் இறைத்து வெளியே கொட்டுவது பண்பாட்டுக்கு இழுக்கு. வாளிகள் அனைத்தும் மன்றத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.”

வாளிகளை ஒப்படைத்தார்கள். மன்றத்துக் கூரையும் ஒழுகியதால் அவை அங்கே பயன்பட்டன.

குழியை அடைக்காமலே கதவை மாட்ட அனுமதி கேட்டு மாங்கனி ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு போனாள். கதவுத் துறை அலுவலகத்தின் கதவு உள்ளே விழுந்து வாசலை அடைத்துக் கிடந்தது. அவள் ஜன்னல் வழியாக மனுவை நீட்டினாள். தண்ணீரில் கால்களைத் தொங்கவிட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்த திருமேனிநாதர் அதைத் தொடவில்லை.

“வாசல் வழியாக வராத காகிதம் காகிதமே அல்ல. முதற் சட்டம், முதற் பிரிவு.”

“வாசலத்தான் கதவு அடைச்சிருக்கே ஐயா.”

“அதை எழுதிக் கொடுங்கள். வாசல் வழியாக.”

மழைக்காற்றின் கடைசி வாரத்தில் தேர்தல். ஊரே நனைந்த துணியோடு போய்ப் புறக்கதவு அணிக்கு வாக்களித்தது. அடுத்த வாரம் திருமேனிநாதர் நீலத் துண்டோடு வந்து, உள்புறக் குழியை அடைக்கச் சொன்னார். துண்டை எப்போது மாற்றினீர்கள் என்று காயாம்பூ கேட்டதற்கு, “என் கொள்கை ஒருநாளும் மாறியதில்லை. ஆளுகிறவரின் கொள்கைதான் என் கொள்கை” என்றார். அதில் பொய் எதுவும் இல்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளோடு நாடு காத்திருந்தது. மணல்காற்று வந்தது.

மூன்றாம் நாள் காலை, தரையில் விரிக்கப் பாய் எடுத்துக்கொண்டு புது வீட்டைப் பார்க்கப் போயிருந்த மாங்கனியும் காயாம்பூவும் திரும்பி வந்தபோது, சடைச்சி வீட்டு வாசலில் தாழ்ப்பாள் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. ஆள் நுழையும் அளவு ஜன்னலும் அந்த வீட்டில் கிடையாது. உள்ளே பதினொரு பேர். இரண்டு ஆடுகளையும் சேர்த்தால் பதிமூன்று.

“மதினி! கேக்குதா?”

“யாரு, மாங்கனியா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து சடைச்சியின் குரல் வந்தது. “உன் புருஷன் வெளிய இருக்கானா உள்ள இருக்கானா? தலைய எண்ணி எண்ணிப் பாக்குறேன், ஒண்ணு குறையுது.”

“இங்கதான்க்கா இருக்கேன்” என்றான் காயாம்பூ.

“அப்ப தோண்டுடா, என்ன பேச்சு!”

இருவரும் கைகளாலேயே மணலை அள்ளத் தொடங்கினார்கள். அள்ளிக்கொண்டே மாங்கனி கேட்டாள்: “இவங்களுக்கு நீதானே மதினி ஓட்டுப் போட்ட?”

“மழைல நனைஞ்ச கோவத்துல போட்டேன்டி.”

“இப்ப?”

“வரட்டும் தேர்தல். மொதல்ல போய் உள்கதவுக்கே குத்திட்டு வர்றேன்.”

“அப்புறம் மழை வருமே மதினி.”

கதவுக்குப் பின்னால் ஓர் ஆடு கத்தியது.

“அதுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குல்ல” என்றாள் சடைச்சி. பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “அடக் கடவுளே. நாம எப்பவும் போன காத்துக்குத்தான் ஓட்டுப் போடறோமா?” என்றாள்.

மத்தியானம் அறிவிப்பு வந்தது. வெளிமுதல்வர் மாடத்தில் தோன்றினார்: “அடைபட்டிருக்கிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாட்டுப்பற்றின் மிகுதியால் நீங்கள் வீட்டை விட்டு நகர மறுக்கிறீர்கள். உங்கள் உறுதியைக் கண்டு மன்றம் கண் கலங்குகிறது. வெளியிலிருந்து மணலை அள்ளி இந்த உறுதியைக் குலைப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.” கேட்க வேண்டியவர்கள் எல்லாம் உள்ளே இருந்ததால் அந்த உரைக்குக் கைதட்டல் குறைவாக இருந்தது.

சடைச்சி சும்மா இருக்கிறவள் இல்லை. மணல் அள்ளி வெளியே வந்த அன்றே, தனக்குப் புரிந்ததைத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். கேட்டவர்களில் பாதிப்பேருக்குப் புரிந்தது. வரப்போகும் மழையை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு புறக்கதவுக்கே மறுபடி வாக்களித்தார்கள். பாதிப்பேருக்கு நகக்கண்ணில் மணல் இன்னும் இருந்தது, உட்கதவுக்குப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு இருபது.

பதினேழு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் கூட்டணி ஆட்சி அமைந்தது. அதன் முதல் தீர்மானம்: இனி நாட்டில் நடுநிலைக் கதவு மட்டுமே. அது உள்ளேயும் திறக்காது, வெளியேயும் திறக்காது. நிலையோடு சேர்த்து ஆணி அடிக்கப்படும். மக்கள் ஜன்னல் வழியாகப் போய் வரலாம். மன்ற உறுப்பினர்கள் மட்டும் ஜன்னலில் ஏறக் கூடாது, அது மன்ற மரபுக்கு இழுக்கு. முன்னுதாரணமாக மன்றத்துக் கதவுக்கு முதலில் ஆணி. ஏழு நாளில் எல்லா வீடுகளுக்கும்.

ஆணி அடிக்க வரச்சொல்லி மாங்கனிக்கு ஆள் வந்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. சாய்ந்திருந்த கதவின் மீது கையை வைத்துக்கொண்டு புது வீட்டில் உட்கார்ந்திருந்தாள். “இதுக்கும் நானேதான் வந்து அடிக்கணும் போல. ஒரு தடவகூடத் திறக்காத கதவு” என்றாள்.

“நீ போகாட்டி வேற ஆள வெச்சு அடிப்பாங்க” என்றான் காயாம்பூ. “அவன் கோணலா வேற அடிப்பான்.”

அது அவளைச் சிரிக்க வைத்தது. ஒரு சாண் நீள ஆணி எட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மன்றத்தில் நாற்பது பேரும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். மாங்கனி கதவைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், பிறகு எந்தக் கீல்காரியும் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“ஐயா, உள்ள இருந்து அடிக்கவா, வெளிய இருந்து அடிக்கவா?”

உள்ளிருந்து அடித்தால் அது உட்கதவு அணியின் வெற்றி. வெளியிலிருந்து அடித்தால் புறக்கதவு அணியின் வெற்றி. இரண்டு நாள் விவாதம் நடந்தது. இருவர் மயங்கினார்கள். ஒருவர் பண்ணோடு பாடினார். மாங்கனி படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் உடன்பாடு பிறந்தது. ஆணியின் தலை வெளியே இருக்க வேண்டும், அது புறக்கதவு அணிக்குப் பெருமை. ஆணியின் முனை உள்ளே இருக்க வேண்டும், அது உட்கதவு அணிக்குப் பெருமை. இரு முதல்வர்களும் கட்டித் தழுவினார்கள்.

“அப்ப வெளிய நின்னு அடிக்கணும்” என்றாள் மாங்கனி. “நீங்க எல்லாரும் எங்க இருப்பீங்க ஐயா?”

“நாற்பது பேரும் அவைக்குள் அமர்ந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும்” என்றார் உள்முதல்வர்.

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா ஐயா?”

“மன்றத்தின் அறிவை ஒரு கீல்காரி சோதிக்க வேண்டியதில்லை” என்றார் வெளிமுதல்வர்.

“சரிங்க.”

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தி எட்டு ஆணிகளையும் அடித்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. உள்ளே கைதட்டல் கேட்டது. பிறகு நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. பிறகு யாரோ கதவைத் தள்ளினார்கள். யாரோ இழுத்தார்கள்.

ஜன்னல்கள் பெரியவை, ஆள் இறங்கலாம். ஆனால் மரபுக்கு இழுக்கு என்று அவர்களே சட்டம் போட்டிருந்தார்கள். மரபை விட்டாலும் கணக்கு விடவில்லை. இருபதுக்கு இருபது. எந்த அணியிலிருந்து ஒருவர் முதலில் இறங்குகிறாரோ, அந்த அணி பெரும்பான்மையை இழக்கும். ஆகவே நாற்பது பேரும் மற்ற அணிக்காரர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு காகிதம் பறந்து வந்தது. நாடு முழுவதும் ஆணி அடிக்கும் உத்தரவு, முத்திரையும் இருந்தது. வாசலில் காவல் நின்ற திருமேனிநாதர் அதை எடுத்துப் படித்தார். அவர் தோளில் இப்போது மஞ்சளும் நீலமும் கலந்த துண்டு.

“இது எந்த வழியாக வந்தது?” என்று மாங்கனியைக் கேட்டார்.

“ஜன்னல் வழியா ஐயா.”

அவர் வெகுநேரம் ஆணித் தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காகிதத்தை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த காவல் மேசையின் ஒரு காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது.

“இது காகிதமே அல்ல” என்றார். அப்போது அவர் சிரித்தாரா என்பது பற்றி அந்த நாட்டில் இன்றும் இரண்டு கருத்துகள் உண்டு.

அதே நேரத்தில், அந்த ஆண்டு பிந்திப்போயிருந்த மழைக்காற்றின் ஈர வாடை கிழக்கிலிருந்து வந்தது. பெரிய மணி அடித்தது. ஒரு தடவை இல்லை, இருபது தடவை. திருமேனிநாதர் மணிக்கூண்டின் அடியில் போய் நின்று, “யார் ஒலிக்கச் சொன்னது?” என்று கத்தினார்.

“துடைச்சேன் ஐயா” என்றான் காயாம்பூ மேலிருந்து. “அழுக்கு ரொம்ப இருந்துச்சு.”

அன்று ஊரே கதவுகளைத் திருப்பியது. அடைத்த குழிகளை மாங்கனி வீடு வீடாகக் குடைந்து கொடுத்தாள். கடைசியாக அவள் வீடு. கதவைத் தூக்கக் காயாம்பூ, மாங்கனி, சடைச்சி மூவர் இருந்தார்கள். நான்காவது தோள் வேண்டியிருந்தது. அவ்வழியே போன திருமேனிநாதர், பழக்கதோஷத்தால் நிலையை ஆராய வாசலுக்கு எதிரே நின்றுவிட்டார். கதவில்லாத வாசல். சடைச்சி விடவில்லை.

“வாங்க ஐயா, அவல் சாப்பிடுங்க. சாப்பிட்டா ஒரு கை பிடிக்கணும், அது எங்க வழக்கம்.”

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அவருக்கு அது தெரிந்திருக்கும். இரண்டு கிண்ணம் அவல் சாப்பிட்டு, துண்டைச் சுருட்டித் தோளில் சும்மாடாக வைத்துக்கொண்டு கதவைத் தாங்கினார். மாங்கனி கீல் முளையைத் தட்டி இறக்கினாள். காயாம்பூ கதவை ஒருமுறை திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். “சத்தமே இல்ல புள்ள” என்றான். அன்றிரவு மழை வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. காயாம்பூ இரண்டு காதும் முழுசாக இருக்கத் தூங்கினான்.

மன்றத்தாருக்கு ஊர் முறைவைத்து ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தது. வாளிகளும் அங்கேயே இருந்ததால் ஒழுகலைப் பற்றிக் கவலையில்லை. அவர்கள் தினமும் கூடினார்கள், தினமும் சட்டம் செய்தார்கள். கைதட்டல் தெருவரை கேட்டது. பார்க்கப்போனால் அவர்களும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். ஆணியைப் பிடுங்கலாமா என்று ஒரு காற்றுக்கு ஒருமுறை யாராவது கேட்பார்கள். அதற்கு மன்றத்தின் எழுத்து உத்தரவு வேண்டும், வாசல் வழியாக, என்பார் திருமேனிநாதர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, வரைபடத்தில் இருக்கும் நாடொன்றிலிருந்து உப்பு விற்க ஒருவர் வந்தார். மன்றத்து வாசலில் மூட்டையை இறக்கி இளைப்பாறியபோது உள்ளே பெரிய கூச்சல் கேட்டது.

“யாரும்மா உள்ள?” என்று எதிர்ப்பட்ட மாங்கனியைக் கேட்டார்.

“எங்கள ஆளறவங்க.”

“என்ன செய்யறாங்க?”

“கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு பேசிட்டிருக்காங்க.”

உப்புக்காரர் தலையாட்டினார். “எங்க நாட்டுலயும் அதே பேச்சுதாம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஆளு மாறும், பேச்சு மாறாது. அதுல எங்க பொழப்புதான் மழையிலயும் மணல்லயும்.” பிறகு நிமிர்ந்து, துருவேறிய எட்டு ஆணித் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“ஏம்மா,” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், “இந்த ஆணி எவ்வளவு நீளம்?”

மாங்கனி கைப்பையை இறக்கி வைத்து, அளவுகோலை எடுத்தாள்.

“அது இருக்கட்டும் ஐயா. மொதல்ல உங்க ஊர் மன்றத்துக் கதவு எவ்வளவு தடிமன், சொல்லுங்க.”